உளவியல் இளங்கலை: எந்தக் கிளையின் பக்கம் சாய்வது?

இளங்கலை உளவியலின் முதல் ஆண்டு எங்கே படித்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 1879இல் லைப்சிக்கில் வில்ஹெல்ம் வூண்ட் தொடங்கிய ஆய்வுக்கூடத்தில் ஆரம்பித்து, பாவ்லோவின் நாய், ஸ்கின்னரின் பெட்டி, ஃபிராய்டின் நோயாளிகள், பியாஜே கவனித்த குழந்தைகள் என்று எல்லாக் கிளைகளையும் ஒரு சுற்றுக் காட்டிவிடுவார்கள். கூடவே புள்ளியியலும் ஆய்வு முறைகளும் வரும். சிக்கல் அதற்குப் பிறகுதான். விருப்பப் பாடங்களை எதிலிருந்து எடுப்பது, கடைசி ஆண்டு ஆய்வேட்டை எந்தக் கிளையில் செய்வது என்று முடிவெடுக்க வேண்டிய நேரத்தில், முதல் ஆண்டில் எந்தக் கதை மனதில் ஒட்டியதோ அந்தப் பக்கமே பலர் போய்விடுகிறார்கள்.

அப்படி எடுப்பது சரியில்லை என்பது என் எண்ணம். உளவியலில் ஒரு கிளை எதைப் பற்றிப் பேசுகிறது என்பதும் அந்தக் கிளையில் உட்கார்ந்து என்ன வேலை செய்கிறார்கள் என்பதும் வேறு வேறு. நினைவாற்றல் என்ற தலைப்பு ஈர்க்கும். வேலை என்னவோ, மில்லிநொடிக் கணக்கில் பதிவான ஆயிரக்கணக்கான எண்களைச் சுத்தம் செய்வது. குழந்தைகள் என்றால் சிலருக்கு உயிர். வேலையோ, ஒரே காணொளியைத் திரும்பத் திரும்ப ஓட்டி, குழந்தை எந்தப் பக்கம் எத்தனை நொடி பார்த்தது என்று குறிப்பது. அதனால் கிளைகளை ஒப்பிடும்போது நான் பார்ப்பது மூன்று விஷயங்கள். அன்றாடம் அதில் செய்வது என்ன, இளங்கலை மாணவர் ஒருவர் அதில் உருப்படியான ஆய்வு ஒன்றை முடிக்க முடியுமா, பட்டம் வாங்கிய பிறகு அது எதற்கு உதவும். இவற்றில் இரண்டாவதைத்தான் மாணவர்கள் யோசிப்பதே இல்லை. முடிவைப் பெரும்பாலும் மாற்றுவதும் அதுதான்.

மருத்துவ உளவியல்: எல்லோரும் கேட்பது

உளவியல் என்றாலே மனநோயும் சிகிச்சையும்தான் என்று பொதுப் பேச்சில் ஆகிவிட்டது. சேருகிறவர்களில் பலரும் மருத்துவ உளவியலை மனதில் வைத்தே சேருகிறார்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. பெரும்பாலான இடங்களில் இளங்கலைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு சிகிச்சை தரும் உளவியலாளர் ஆக முடியாது. முதுகலையோ முனைவர் பட்டமோ, அதோடு மேற்பார்வையில் பெற்ற பயிற்சியும், உரிமமோ பதிவோ வேண்டும். மருந்து எழுதுவது பொதுவாக மனநல மருத்துவரின் வேலை. அதற்கு வழி மருத்துவப் படிப்பு. 1949இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் நடந்த மாநாட்டில், மருத்துவ உளவியலாளர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் சேர்த்தே பயிற்சி பெற வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்த வார்ப்பு இன்றும் பல பயிற்சித் திட்டங்களில் இருக்கிறது. "எனக்கு மனிதர்களோடு பேசினால் போதும், எண்கள் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டு இந்தப் பக்கம் வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இளங்கலையில் இந்தக் கிளையில் படிப்பது பெரும்பாலும் நோய்களின் வகைப்பாடு. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு), 2022இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 (உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல்) ஆகிய இரண்டின் அளவுகோல்கள். தீவிர மனச்சோர்வு என்று சொல்ல ஒன்பது அறிகுறிகளில் ஐந்து அறிகுறிகளாவது குறைந்தது இரண்டு வாரம் இருக்க வேண்டும், அவற்றில் சோர்ந்த மனநிலையோ ஆர்வமின்மையோ கட்டாயம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது போன்ற விதிகள். அப்புறம் சிகிச்சை முறைகளின் தர்க்கம். 1960களில் ஆரன் பெக் வளர்த்தெடுத்த அறிவாற்றல் சிகிச்சையில் தொடங்கி, ஒரு சிகிச்சை வேலை செய்கிறதா என்பதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பது வரை. நல்ல ஆசிரியர் அமைந்தால் சுவையான பாடம்தான். ஆனால் நோயாளிகளை நீங்கள் பார்க்கப் போவதில்லை. பார்க்க விடவும் கூடாது.

அதனால்தான் இந்தக் கிளையில் இளங்கலை ஆய்வேடுகள் எல்லாம் ஒரே அச்சில் வருகின்றன. சக மாணவர்கள் நூறு பேரிடம் பதற்றத்துக்கு ஒரு வினாத்தாள், தூக்கத்துக்கு ஒரு வினாத்தாள் கொடுத்து, இரண்டுக்கும் ஒட்டுறவு இருக்கிறது என்று முடிப்பது. தூக்கம் கெட்டதால் பதற்றமா, பதற்றத்தால் தூக்கம் கெட்டதா என்று கேட்டால் பதில் இருக்காது. இதில் இன்னொரு முள்ளும் உண்டு. மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தின் கடைசிக் கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. யாராவது அதில் "ஏறக்குறைய தினமும்" என்று குறித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நெறிமுறைக் குழு கேட்கும், கேட்கத்தான் வேண்டும். பெயர் இல்லாமல் இணையத்தில் நிரப்பிய படிவம் என்றால், குறித்தவரைத் தேடிப் பிடிக்கவும் முடியாது.

என் பரிந்துரை சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். மருத்துவ உளவியலாளராக வேண்டும் என்பது உறுதியான இலக்கு என்றால், மனநோய்களைப் பற்றிப் படிக்கும் பிறழ்நிலை உளவியலில் ஒரு தாள் எடுங்கள், முடிந்தால் மேற்பார்வை உள்ள தன்னார்வ வேலை ஒன்றில் சேருங்கள், ஆனால் ஆய்வேட்டை வேறு கிளையில் செய்யுங்கள். அங்கே கற்றுக்கொள்ளும் ஆய்வுத் திறன் முதுகலை விண்ணப்பத்தில் அப்படியே செல்லும். தன்னைப் புரிந்துகொள்வதற்காக இந்தக் கிளையை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வகுப்பறை அதற்கு ஏற்ற இடமில்லை. ஒவ்வொரு பாடத்திலும் தனக்கு அந்த நோய் இருப்பதாகத் தோன்றுவதுதான் மிச்சம்.

அறிவாற்றல் உளவியல்: கவர்ச்சி குறைவு, கைமுதல் அதிகம்

எதிர்ப்பக்கத்தில் நிற்பது அறிவாற்றல் உளவியல். கவனம், நினைவு, மொழி, முடிவெடுத்தல். பேரைக் கேட்டவுடன் யாருக்கும் பரவசம் வருவதில்லை. ஆனால் மாணவரால் முழுதாகச் செய்து முடிக்கக்கூடிய ஆய்வுகள் இங்கேதான் குவிந்து கிடக்கின்றன. ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட மறதி ஆய்வில் பரிசோதனைக்கு உட்பட்டவர் அவர் ஒருவரே. பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னைத்தானே அளந்தார். 1935இல் ஸ்ட்ரூப் செய்த சோதனைக்கு வேண்டியது வண்ண மையில் அச்சிட்ட சொற்கள் மட்டும்தான். "சிவப்பு" என்ற சொல் பச்சை மையில் இருந்தால், மையின் நிறத்தைச் சொல்ல நமக்குக் கூடுதல் நேரம் ஆகிறது. இன்றும் எந்த வகுப்பறையில் செய்தாலும் அந்தத் தாமதம் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு லாஃப்டஸும் பாமரும் 1974இல் செய்தது. 45 மாணவர்களுக்குக் கார் விபத்துக் காட்சிகளைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரே ஒரு வினைச்சொல் மட்டும் குழுவுக்குக் குழு மாறியது. "மோதி நொறுங்கியபோது" என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்குச் சுமார் 41 மைல் என்றார்கள்; "தொட்டுக்கொண்டபோது" என்று கேட்கப்பட்டவர்கள் சுமார் 32. இரண்டாவது பரிசோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, "நொறுங்கிய" குழுவில் 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். "இடித்த" என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் அப்படிச் சொன்னவர்கள் 7. காட்சியில் கண்ணாடி உடையவே இல்லை. பெரிய கருவி இல்லை, பணம் இல்லை. கேள்வியை யோசித்து அமைத்த அழகு மட்டும்தான் இருக்கிறது. இளங்கலை மாணவர் ஒருவர் இதன் சிறு வடிவத்தை ஒரு செமஸ்டரில் செய்துவிடலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. இந்தக் கிளையின் பல பரிசோதனைகளில் ஒரே ஆள் எல்லா நிலைகளையும் செய்வார். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு கணக்கிலிருந்து விலகிவிடுவதால், குறைந்த ஆட்களை வைத்தே தெளிவான விடை வரும். சைக்கோபை போன்ற இலவச மென்பொருளும் ஒரு மடிக்கணினியும் போதும். போகிற போக்கில் கொஞ்சம் நிரல் எழுதவும், ஆர் என்ற புள்ளியியல் நிரல் மொழியில் தரவைக் கையாளவும் கை பழகிவிடும். பட்டத்துக்குப் பிறகு பயனர் அனுபவ ஆய்வு, தரவுப் பகுப்பாய்வு போன்ற வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போது காட்டுவதற்கு ஏதாவது இருக்கும். குறை என்றால், மனிதர்கள் இங்கே சற்றுத் தூரத்தில் இருக்கிறார்கள். திரை, விசைப்பலகை, எதிர்வினை நேரம். ஒருவரின் வாழ்க்கைக் கதையைக் கேட்க வந்தவருக்கு இரண்டு மாதத்தில் சலித்துவிடும். எந்தப் பக்கம் போவது என்றே தெரியாதவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கிளைதான்.

உயிரியல் உளவியல்: ஆய்வுக்கூடம் இருந்தால் மட்டும்

மூளைப் பக்கம் ஆசைப்படுபவர்களும் அதிகம். ஆசைக்குக் காரணமும் இருக்கிறது. 1953இல், 27 வயதில், வலிப்பு நோய்க்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலைசனுக்கு மூளையின் இரு பக்கத்திலும், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு புதிய நிகழ்வு எதையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. ஆனால் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் கொடுத்தபோது, நாளுக்கு நாள் அவர் கை தேறியது. முன்பு அதைச் செய்த ஞாபகமே அவருக்கு இல்லை. நினைவு என்பது ஒரே பொருள் அல்ல என்று இதைவிடத் தெளிவாகக் காட்டிய நோயாளி வேறு யாருமில்லை.

ஆனால் அது படிக்கிற சுவை. வேலை என்று வந்தால், மூளை ஸ்கேன் செய்யும் செலவு இளங்கலை ஆய்வேட்டுக்குக் கட்டுப்படியாகாது. மூளை மின்னலைகளைப் பதிவு செய்யும் கருவி துறையில் இருந்தாலும், அதைத் தொட மாணவருக்கு அனுமதி உண்டா என்பதே கேள்வி. தவிர, தாளில் வேதியியலும் உடலியலும் நிறைய. நரம்புக் கடத்திகள், ஏற்பிகள், மூளைப் பகுதிகளின் பெயர்கள் என்று மனப்பாடச் சுமை மற்ற கிளைகளைவிட அதிகம். உங்கள் துறையில் இயங்கும் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்து, அங்கே இளங்கலை மாணவர்களைச் சேர்த்துக்கொண்டால் தயங்காமல் போங்கள். இல்லையென்றால் தாளை மட்டும் எடுத்துவிட்டு நகர்வது நல்லது.

2009இல் சில ஆய்வாளர்கள் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனருக்குள் வைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதிக்கும்போது செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் கணக்குப் போட்டால், மீனின் மூளையில் "செயல்பாடு" தெரிந்தது. திருத்தினால் மறைந்துவிட்டது. வண்ணமயமான மூளைப் படத்தைப் பார்த்து இந்தக் கிளைக்கு வரும் எவரும், படத்துக்குப் பின்னால் இருப்பது புள்ளியியல்தான் என்று தெரிந்துகொண்டு வர வேண்டும்.

சமூக உளவியல்: கதைகளும் சந்தேகமும்

முதல் ஆண்டுப் பாடங்களிலேயே நல்ல கதைகள் சமூக உளவியலிடம்தான் இருக்கின்றன. கண்ணெதிரே தெரியும் கோட்டின் நீளத்தைக்கூட, கூட இருப்பவர்கள் தப்பாகச் சொன்னால், ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை நாமும் தப்பாகச் சொல்வோம் என்று காட்டிய சாலமன் ஆஷ். முன்பின் தெரியாதவருக்கு 450 வோல்ட் வரை மின்னதிர்ச்சி தருகிறோம் என்று நம்பிக்கொண்டே, 40 பேரில் 26 பேர் கடைசி விசை வரை போனதைக் காட்டிய மில்கிராம். மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்கவைத்து, இரண்டு வாரம் நடத்தத் திட்டமிட்டு ஆறே நாளில் நிறுத்தப்பட்ட, 1971ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு சிறைப் பரிசோதனை. கடைசியாகச் சொன்னதைப் பற்றிப் பிறகு கடுமையான கேள்விகள் எழுந்தன. காவலர்களாக நடித்தவர்களுக்கு எப்படி நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே குறிப்புக் கொடுக்கப்பட்டது என்பதும் அவற்றில் ஒன்று.

உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து, முடிவை 2015இல் வெளியிட்டார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல்படி முக்கியமான விளைவைக் காட்டியிருந்தன. மறுபடி செய்தபோது 36 விழுக்காடுதான் தேறியது. கிளைவாரியாகப் பிரித்தால் அறிவாற்றல் உளவியலில் பாதி, சமூக உளவியலில் கால்வாசி. இதைக் கேட்டவுடன் சமூக உளவியலை ஒதுக்கிவிடத் தோன்றும். நான் நேர்மாறாகப் பார்க்கிறேன். அடி வாங்கிய கிளை என்பதால், கருதுகோளை முன்கூட்டியே பதிவு செய்வது, பெரிய மாதிரி எடுப்பது, தரவைத் திறந்து வைப்பது போன்ற பழக்கங்கள் இங்கே வேகமாக வந்தன. நல்ல ஆசிரியரிடம் இந்தத் தாளைப் படித்தால், ஓர் ஆய்வை எப்படிச் சந்தேகப்படுவது என்பது கைவந்துவிடும்.

மாணவர்களுக்கு இங்கே இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. உளவியல் ஆய்வுகளில் பங்கேற்பவர்கள் பெரும்பாலும் மேற்கத்திய, படித்த, தொழில்மயமான, வசதியான, ஜனநாயக நாட்டுக்காரர்கள் என்று ஹென்ரிக் என்ற ஆய்வாளரும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் சுட்டிக்காட்டினார்கள். வேறு சமூகத்திலிருந்து வரும் மாணவருக்குத் தன் மக்களிடம் ஒரு பழைய முடிவைச் சோதித்துப் பார்ப்பதே அர்த்தமுள்ள ஆய்வேடு. ஆனால் கவனம். வினாத்தாளைப் பரப்புவது சுலபம் என்பதால் இந்தக் கிளையில் அவசரமாகச் செய்த வேலைகள் மலிந்து கிடக்கின்றன. மக்கள் சொல்வதும் செய்வதும் ஒன்றல்ல என்று வகுப்பில் படித்துவிட்டு, சொல்வதை மட்டுமே அளந்து ஆய்வேட்டை முடிக்கிறார்கள்.

வளர்ச்சி உளவியல்

குழந்தைகளோடு பொறுமையாகப் பழகத் தெரிந்தவர்களுக்கு இது நல்ல இடம். மற்றவர்களுக்கு அவ்வளவு இல்லை. தாய் சில நிமிடம் அறையை விட்டுப் போய்த் திரும்பும்போது குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கும் மேரி ஐன்ஸ்வர்த்தின் முறை, தன் பொருளை வேறிடத்துக்கு மாற்றியதைப் பார்க்காத சாலி, அது இப்போது இல்லாத பழைய இடத்திலேயே தேடுவாள் என்று குழந்தைகளுக்கு மூன்று நான்கு வயதில் புரியத் தொடங்குவதைக் காட்டும் சாலி-ஆன் சோதனை என்று அழகான கருவிகள் நிறைய. ஆனால் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல், பள்ளியின் அனுமதி, குழந்தையின் சம்மதம் எல்லாம் வாங்குவதற்குள் பாதி செமஸ்டர் ஓடிவிடும். வந்த குழந்தை அழுதால் அன்றைய தரவு போயிற்று. காலப்போக்கில் ஏற்படும் மாற்றத்தைப் பார்ப்பதுதான் இந்தக் கிளையின் உயிர். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறார்கள். இளங்கலை மாணவருக்கு அது நடக்காது. வெவ்வேறு வயதுக் குழந்தைகளை ஒரே சமயத்தில் ஒப்பிடலாம், அவ்வளவுதான். பலர் மறந்துவிடும் ஒன்று: முதுமையும் இந்தக் கிளைக்குள் வருகிறது. ஒப்புதல் தரும் நிலையில் உள்ள முதியவர்களோடு செய்யும் ஆய்வுக்கு இத்தனை அனுமதிக் கடிதங்கள் வேண்டியதில்லை.

தொழில், நிறுவன உளவியல்

இதை மட்டமாகப் பார்க்கும் வழக்கம் மாணவர்களிடையே உண்டு. எனக்கு அது புரிவதில்லை. இளங்கலையோடு நிறுத்தி வேலைக்குப் போக நினைப்பவருக்கு நேராகப் பயன்படும் கிளை இதுதான். ஆளெடுப்பு, பயிற்சி, பணி மதிப்பீடு. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல், பேச்சுவாக்கில் நடத்தும் நேர்காணலைவிட வேலைத்திறனைச் சரியாகக் கணிக்கிறது என்பது இந்தக் கிளையில் திரும்பத் திரும்ப உறுதியான முடிவு. அதைத் தெரிந்துவைத்திருக்கும் மனிதவளத் துறைப் பணியாளர் எந்த நிறுவனத்திலும் சம்பாதித்துக் கொடுப்பார். ஆய்வேட்டில் தொல்லை வேறு வகை: நிறுவனம் அனுமதி தர வேண்டும், தந்தால் ஊழியர்கள் பதில் மேலாளர் கைக்குப் போகுமோ என்று பயந்து எல்லாவற்றுக்கும் "திருப்தி" என்று குறிப்பார்கள். ஆளை அளப்பது ஊழியருக்காகவா, முதலாளிக்காகவா என்ற கேள்வியும் இந்தக் கிளையின் முன்னோடியான முன்ஸ்டர்பெர்க் காலத்திலிருந்தே தீரவில்லை. அதில் உறுத்தல் வருமானால் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

ஆளுமை உளவியலும் கல்வி உளவியலும் மிச்சம். 1905இல் பினேயும் சிமோனும் செய்த நுண்ணறிவுச் சோதனையிலிருந்து இன்றைய ஐந்து காரணி ஆளுமை மாதிரி வரை, இவை அடிப்படையில் அளவிடும் கலை. ஆசிரியராகவோ பள்ளி ஆலோசகராகவோ விரும்புபவர்கள் கல்வி உளவியலை எடுக்கலாம். ஆளுமையை எடுத்தால் உளவியல் அளவீட்டுத் தாளையும் சேர்த்து எடுங்கள். தனியாக எடுத்தால் கோட்பாட்டாளர்களின் பட்டியலை ஒப்பிப்பதில் முடியும்.

தேர்ந்தெடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று. விருப்பப்பட்ட கிளைகளில் கிளைக்கொரு ஆய்வுக் கட்டுரையை எடுத்து, அறிமுகத்தையும் முடிவுரையையும் விட்டுவிட்டு, நடுவில் உள்ள செய்முறைப் பகுதியை மட்டும் படியுங்கள். யாரை எடுத்தார்கள், என்ன கொடுத்தார்கள், எப்படி எண்ணினார்கள். எந்தக் கட்டுரையில் "இதை வேறு மாதிரி செய்திருக்கலாமே" என்று தோன்றுகிறதோ, அந்தக் கிளை உங்களுக்குச் சரிப்படும். அதோடு, துறையில் கடந்த சில ஆண்டுகளில் மாணவர்கள் செய்த ஆய்வேட்டுத் தலைப்புகளையும் யார் மேற்பார்வை செய்தார்கள் என்பதையும் நூலகத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்ல மேற்பார்வையாளர் ஒருவர் இரண்டாம் விருப்பமான கிளையில் இருந்தால், முதல் விருப்பத்தை விட்டுவிட்டு அவரிடம் போவதற்கே நான் வாக்களிப்பேன். பட்டச் சான்றிதழில் பெரும்பாலும் உளவியல் என்றுதான் இருக்கும், கிளையின் பெயர் இராது. முதுகலையில் கிளை மாற வழி இருக்கிறது. புள்ளியியல் தாளில் வாங்கிய மதிப்பெண்ணை அப்போது மாற்ற முடியாது.